கை நடுங்கினாலும் கணக்குத் தவறக் கூடாது: மீட்புப் பணியாளர் கேள்வி–பதில்

திருகோணமலை மாவட்டத்தில் அம்புலன்சிலும் தீயணைப்பிலும் கடற்கரை உயிர்காப்பிலும் வேலை செய்கிறவர்களும், வெள்ளம் வந்தால் தோணியோடு இறங்கும் ஊர்த் தொண்டர்களும், அவர்களுடைய வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மகாவலிப் பெருக்கும் மூதூர், வெருகல் பக்கத்தை மூழ்கடித்த நாட்களின் களைப்பு பல கடிதங்களில் தெரிகிறது. மனநல சிகிச்சையிலும் அவசர சிகிச்சைப் பயிற்சியிலும் ஈடுபட்டிருப்பவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

அம்புலன்சில் வேலை செய்கிறேன். வயது 26. அழைப்பு வந்ததும் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் நோயாளி சிறுபிள்ளை என்றால் அடங்குவதில்லை. நான் இந்த வேலைக்குத் தகுதியில்லாதவனா?
— வாசகர், மூதூர்

தகுதியில்லை என்று சொல்வதற்கு உங்கள் கடிதத்தில் ஒன்றுமே இல்லை, தம்பி. அழைப்பு வந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, விரல் நுனிக்குப் போக வேண்டிய இரத்தம் பெரிய தசைகளுக்குத் திரும்புகிறது, கை சில்லிட்டு நடுங்குகிறது. உடம்பு வேலைக்கு ஆயத்தமாகிறது, அவ்வளவுதான். கையில் வேலை வந்ததும் அடங்குகிறது என்றால் அது அந்தந்த நேரத்துப் பதற்றம். சுபாவத்திலேயே ஊறிய பதற்றம் வேறு. சார்ல்ஸ் ஸ்பீல்பெர்கர் என்ற உளவியலாளர் 1970இல் வெளியிட்ட வினாக்கொத்து இவ்விரண்டையும் 20 கேள்வி, 20 கேள்வியாகப் பிரித்தே அளக்கிறது. லீவு நாளில், சந்தைக்குப் போகும்போது, வீட்டில் சும்மா இருக்கும்போதும் இதே படபடப்பு இருந்தால்தான் இரண்டாவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அதற்காகப் பதற்றம் வேலையைக் கெடுக்காது என்று நினைத்துவிடாதீர்கள். 1908இல் யேர்க்ஸ், டொட்சன் என்ற இருவர் சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனையில் ஒன்று தெரியவந்தது. இலகுவான பாடத்தை எலிகள் கடும் அதிர்ச்சிக்கு நடுவிலும் கற்றுக்கொண்டன. கடினமான பாடத்தில் அதிர்ச்சி ஓரளவுக்கு மேல் போனதும் கற்பது குழம்பியது. உங்கள் வேலையிலும் அப்படித்தான். இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்துவதைப் பதற்றம் அவ்வளவாகக் கெடுக்காது. மூச்சுக் கொடுக்கும் வேகம், மருந்துக் கணக்கு, காதால் கேட்பது ஆகியவற்றைக் கெடுக்கும்.

அம்பு பாக்கை, அதாவது மூச்சு நின்றவருக்குக் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் பையை, பிடித்திருக்கும் கையைக் கவனியுங்கள். நாடி இருந்து மூச்சு மட்டும் நின்ற வளர்ந்தவருக்கு 6 செக்கனுக்கு ஒரு தடவை அமுக்கினால் போதும், நிமிடத்துக்கு 10. பையில் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் காற்று இருக்கிறது. நோயாளிக்குத் தேவை 500 முதல் 600 மில்லிலீற்றர். ஒரு கையால், மார்பு இலேசாக எழும்பும் வரைக்கும் அமுக்குவதுதான் அளவு. பதறிய கை நோயாளியின் தேவையை விட்டுவிட்டுத் தன் சொந்த மூச்சின் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 25, 30 என்று போகும்; அமுக்குகிறவருக்கே அது தெரியாது. நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும், இரத்த அழுத்தம் விழும். மிச்சக் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தியாக மேலே வரும். மனதுக்குள் எண்ணுவது உதவாது, பதற்றத்தில் எண்ணும் வேகமும் கூடிவிடும். மொனிற்றரிலோ கைக்கடிகாரத்திலோ செக்கனைப் பார்த்து வாய்விட்டு எண்ணுங்கள். கூட இருப்பவருக்கும் கேட்கும், கூடினால் அவர் சொல்வார்.

சிறுபிள்ளை விஷயத்தில் உங்களைத் தடுமாற வைப்பது பாசம் மட்டுமல்ல, கணக்கும்தான். வளர்ந்தவருக்கு மனப்பாடமான அளவுகள் எல்லாம் பிள்ளைக்கு நிறையைப் பொறுத்து மாறுகின்றன. அந்தக் கணக்கை இடத்தில் போய்ச் செய்யாதீர்கள். வண்டியில் வரும்போதே செய்யுங்கள். அழைப்பில் வயது சொல்லியிருப்பார்கள். வயதோடு 4ஐக் கூட்டி 2ஆல் பெருக்கினால் உத்தேச நிறை: 3 வயதென்றால் 14 கிலோ. கடும் ஒவ்வாமைக்கு அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், ஆகவே 0.14 மில்லிகிராம். பதற்றத்தில் வழக்கமாக நடக்கும் பிழை, தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்து 1.4 ஆவது. ஒரு பிளாஸ்டர் துண்டில் வயது, நிறை, அளவு மூன்றையும் எழுதித் தொடையில் ஒட்டிக்கொள்ளுங்கள். மருந்து ஏற்றுவதற்கு முன் ஒருவர் எண்ணை வாசிக்க மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

வண்டியில் செய்ய இன்னொன்றும் உண்டு. மூக்கால் 4 எண்ணும் வரை உள்ளே, வாயால் 6 எண்ணும் வரை வெளியே. இப்படி ஆறு தடவை, ஒரு நிமிடம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்குகிறது. பெரிய பெரிய மூச்சாக வேகமாக இழுத்துவிடாதீர்கள். இரத்தத்தில் காபனீரொட்சைட் குறைந்து, விரல் விறைத்து, தலை சுற்றும். அதையும் பதற்றம் என்று நினைத்து இன்னும் பதறுவீர்கள்.

எங்கள் மீட்புக் குழுவுக்குப் புதிதாக ஆட்கள் எடுக்கிறோம். மனவெழுச்சி நுண்ணறிவு உள்ளவர்களுக்குப் பதற்றம் குறைவு, வேலையும் நன்றாகச் செய்வார்கள் என்கிறார்கள். அதற்கொரு பரீட்சை வைத்துத் தெரிவு செய்யலாமா?
— குழுப் பொறுப்பாளர், திருகோணமலை நகரம்

பரீட்சை வைத்து ஆள் கழிக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறோம்.

பீற்றர் சலோவேயும் ஜோன் மேயரும் 1990இல் இதை ஒரு கருத்தாக வரையறுத்தார்கள். பின்னர் நான்கு திறன்களாகப் பிரித்தார்கள்: உணர்ச்சியை அடையாளம் காண்பது, அதைச் சிந்தனைக்குப் பயன்படுத்துவது, அது எங்கிருந்து வந்து எங்கே போகும் என்று விளங்கிக்கொள்வது, அதைக் கையாள்வது. 1995இல் டானியல் கோல்மன் எழுதிய நூலுக்குப் பிறகு இது உலகம் முழுக்கப் பரவியது, கூடவே அர்த்தமும் தளர்ந்தது. இன்று கிடைக்கும் பரீட்சைகளில் பெரும்பகுதி ஆளையே கேட்கிறது: “மற்றவர் மனநிலை எனக்கு இலகுவாகப் புரியும் – ஆம், இல்லை.” வேலை தேடி வந்தவர் இல்லை என்று எழுதுவாரா?

ஆய்வுகள் காட்டும் தொடர்பையும் நிதானித்து வாசிக்க வேண்டும். இந்தத் திறன் கூடியவர்களிடம் பதற்றம் குறைவாகவும் வேலைத் திறம் கூடுதலாகவும் காணப்படுவது உண்மை. ஆனால் பல ஆய்வுகளில் மூன்றையும் ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே வினாக்கொத்தில் நிரப்பியிருக்கிறார். நன்றாகத் தூங்கி, நல்ல மேலதிகாரியிடம் வேலை செய்கிறவர் மூன்றிலும் நல்ல புள்ளி போட்டுக்கொள்வார். எது எதற்குக் காரணம் என்று அதிலிருந்து பிரிக்க முடியாது.

ஆனால் இந்தத் திறன் பயிற்சியால் வளரும். அதில்தான் உங்கள் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். குழுவுக்குள் அடையாளம் காண்பது என்றால், வழக்கமாகப் பேசுகிறவர் திடீரென்று மௌனமாவதைக் கவனிப்பது, ரேடியோவில் ஒருவர் குரல் ஏறுவதைப் பிடிப்பது. விளங்கிக்கொள்வது என்றால், சட்டையைப் பிடிக்க வரும் தகப்பனின் கோபத்துக்கு அடியில் பயம் இருப்பதை அறிவது. ஒத்திகை செய்யும்போது ஒருவரை வெளியே நிறுத்துங்கள். அவர் சிகிச்சையைப் பார்க்கத் தேவையில்லை. யார் குரல் எப்போது மாறியது, சொன்ன கட்டளையை யார் கேட்கவில்லை என்பதை மட்டும் எழுதட்டும். முடிந்ததும் பத்து நிமிடம் அதைப் பேசுங்கள்.

குழுவுக்கு ஒரு வார்த்தையும் வேண்டும். “கை மாத்துங்கோ” என்பது நல்ல வார்த்தை. நெஞ்சை அழுத்தும்போது 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது எப்படியும் வழக்கம். ஆகவே தன்னால் முடியவில்லை என்று உணர்கிறவர் எந்த வேலையிலும் இதைச் சொல்லலாம். வெளியாருக்கு ஒன்றும் தெரியாது, ஏன் என்று அந்த இடத்தில் எவரும் கேட்கக் கூடாது. இது நிலைப்பதும் அழிவதும் பொறுப்பாளரின் கையில்தான். முதல் தடவை சொன்னவரை நீங்கள் ஏளனமாகப் பார்த்தால் இரண்டாம் தடவை எவரும் சொல்லமாட்டார்கள். முடியாத கையோடு வேலையைத் தொடர்வார்கள்.

தண்ணீரில் ஒருவர் தத்தளிக்கும்போது கரையில் நிற்கும் சனம் “என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறீங்க, குதியுங்கோடா!” என்று கத்துகிறது. நாங்கள் தொண்டர்கள். குதிக்காமல் நின்றால் பழி, குதித்தால் உயிர். எப்படி முடிவெடுப்பது?
— தொண்டர், கிண்ணியா

2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மிதவைப் படகு கவிழ்ந்ததை நினைவில் வைத்திருக்கும் ஊர் உங்களுடையது. அந்தச் சத்தத்தின் பின்னால் என்ன வலி இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் முடிவு சத்தத்தைக் கேட்டு எடுக்கப்படக் கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது நீர் விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது. தத்தளிப்பவர் கையில் அகப்படுவதைப் பிடித்து அதன்மேல் ஏறப் பார்ப்பார். அகப்படுவது உங்கள் கழுத்து.

ஒழுங்கு இது: முதலில் எட்டிக் கொடு, பிறகு எறி, பிறகு தோணி, கடைசியாகத்தான் உடம்பு. எட்டிக் கொடுக்கும்போது நின்றபடி குனியாமல் தரையில் படுத்துக்கொள்ளுங்கள். காலை ஒருவர் பிடிக்கட்டும். கம்பு, சவள், சாரம், எதுவும் உதவும். எறிவதற்கு 15 முதல் 20 மீற்றர் மிதக்கும் கயிறு. நுனியில் 5 லீற்றர் பிளாஸ்ரிக் கான் கட்டி, உள்ளே ஒரு கோப்பை அளவு தண்ணீர் விட்டு மூடியை இறுக்குங்கள். முற்றிலும் வெறுமையான கானைக் காற்று தள்ளிவிடும், வாடைக் காற்று வீசும் மாதங்களில் சொல்லவே வேண்டாம். ஆளுக்கு நேரே எறியாமல் தலைக்கு அப்பால் எறிந்து, கயிறு தோளில் படும்படி இழுங்கள். மறுமுனையை மணிக்கட்டில் சுற்ற வேண்டாம், காலுக்குக் கீழே மிதித்துக்கொள்ளுங்கள். நீரோட்டம் இழுத்தால் விட்டுவிட முடிய வேண்டும். தோணியில் போனால் ஆளைப் பக்கவாட்டில் ஏற்றாதீர்கள், கவிழும். பின்பக்கத்தால், எஞ்சினை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள்.

இனி அந்தச் சனம். உங்களில் ஒருவருக்கு சனத்தைப் பார்ப்பது மட்டுமே வேலையாக இருக்க வேண்டும். அவர் தண்ணீருக்கு முதுகைக் காட்டி, சனத்துக்கு முகத்தைக் காட்டி நிற்கட்டும். கத்துகிறவர்கள் உங்களை அவமதிக்கவில்லை. செய்ய ஒன்றுமில்லாத தவிப்பு அப்படி வெளியே வருகிறது. ஆகவே ஆகக் கூடச் சத்தம் போடுகிறவருக்கே வேலை கொடுங்கள்: “காக்கா, நீங்க 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடிச்சு இடத்தைச் சொல்லுங்க”, “தம்பி, ரோட்டில நிண்டு அம்புலன்சுக்குக் கை காட்டுங்கோ”, “ஆள் தாண்ட இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காம விரலை நீட்டிக்கொண்டே நில்லுங்க.” கடைசியாகச் சொன்னது உண்மையிலேயே பெரிய உதவி. தலை மறைந்த புள்ளியைத் தண்ணீரில் நிற்பவரால் கண்டுபிடிக்க முடியாது.

கரைக்கு எடுத்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் நடக்கின்றன. இரண்டும் கூடாது, வயிற்றில் இருப்பது சுவாசக் குழாய்க்குள் போகும். மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. நீங்கள் கற்ற முறையில் முதல் மூச்சு 2 என்றாலும் 5 என்றாலும் அதைக் கொடுத்துவிட்டு, 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர்.

நோயாளியை ஏற்றிக்கொண்டு போகும்போது தாயோ மனைவியோ “உயிர் இருக்கா?” என்று கேட்டால் என்ன சொல்வது? “ஒண்டுமில்லை, சரியாயிடும்” என்று சொல்லிப் பழகிவிட்டோம்.
— வாசகி, நிலாவெளி

அந்தப் பதில் கேட்டவருக்காகச் சொல்லப்படுவதில்லை, சொல்கிறவரின் பதற்றத்தை அடக்கச் சொல்லப்படுகிறது. வைத்தியசாலை வாசலில் உண்மை தெரிந்ததும், ஏமாற்றப்பட்ட கோபமும் துக்கத்தோடு சேர்ந்துவிடும்.

மரணத்தை உறுதிப்படுத்துவது வைத்தியர். நீங்கள் சொல்லக்கூடியது உங்கள் கண்முன் உள்ளதை: “உம்மா, மூச்சும் நாடியும் இல்ல. நெஞ்சை அழுத்தி மூச்சுக் குடுத்துக்கொண்டேதான் கொண்டுபோறம். டொக்டர் பாத்துச் சொல்லுவார்.” இதை அவருடைய கண் மட்டத்துக்கு இறங்கி, நோயாளியின் பெயரைக் கேட்டறிந்து அந்தப் பெயரோடு சொல்லுங்கள். சொன்ன பிறகு ஒரு சில செக்கன் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல் மருத்துவ விளக்கம் சொல்லத் தொடங்குவதுதான் பெரும்பாலும் நடக்கும் பிழை, அவர் காதில் அது ஏறாது. குடும்பம் சிங்களம் மட்டும் பேசுகிறது, உங்களுக்கு அவ்வளவாக வராது என்றால் வளர்ந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்து அந்தச் செய்தியை அதன் வாயால் சொல்லவிடாதீர்கள்.

திடீர் மரணங்களில் அடக்கம் பற்றிய கேள்வி உடனே வரும், முக்கியமாக ஜனாஸாவைத் தாமதிக்க விரும்பாத முஸ்லிம் குடும்பங்களில். திடீர் மரண விசாரணை அதிகாரியின் விசாரணை முடிய வேண்டும் என்பதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். “இரவைக்குள்ள கிடைச்சிடும்” என்று நேரம் மட்டும் குறித்துக் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை.

என் கணவர் மீட்புப் பணியில் இருக்கிறார். வெள்ளத்துக்குப் பிறகு ஆள் மாறிவிட்டார். பேசுவதில்லை, பிள்ளைகள் சத்தம் போட்டால் எரிந்து விழுகிறார், கேட்டால் “ஒண்டுமில்லை” என்கிறார். நான் என்ன செய்ய?
— ஒரு மனைவி, தம்பலகாமம்

சகோதரி, நாள் முழுக்க முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது அவருடைய வேலையின் ஒரு பகுதி. அது சும்மா வருவதில்லை, உடம்பையும் மூளையையும் செலவழித்து வருகிறது. உணர்ச்சியை முகத்தில் மறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு அந்த நேரத்தில் சொல்லப்பட்டவை குறைவாகவே நினைவில் நிற்கின்றன என்று ஜேம்ஸ் குரொஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் சொன்னதை அவர் மறப்பதிலும் இதற்குப் பங்கிருக்கலாம். வேலையில் அடக்கியது வீட்டில் சிறிய சத்தத்துக்கு வெடிக்கிறது.

வாசலில் வைத்து “இண்டைக்கு என்ன நடந்தது?” என்று கேட்க வேண்டாம். குளித்து, தேத்தண்ணி குடித்து, அரை மணித்தியாலம் அவரை விடுங்கள். பிறகும் எதிரே உட்கார்ந்து கேட்பதைவிட, கூடச் சேர்ந்து ஏதாவது செய்யும்போது பேச்சு இலகுவாக வரும். மரக்கறி வெட்டலாம், சைக்கிளைத் துடைக்கலாம். பேசத் தொடங்கினால் நடுவில் ஆறுதல் சொல்லாதீர்கள். “உங்களால முடிஞ்சதைச் செய்தீங்க” என்ற நல்ல வார்த்தைகூட, முடிவதற்கு முன் வந்தால் வாயை அடைத்துவிடும். பிள்ளைகளுக்கு, “அப்பா களைச்சுப்போய் இருக்கிறார், உங்களில கோவமில்லை” என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தங்களால்தான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பெரும்பாலோருக்கு இந்த மாற்றம் இரண்டு, மூன்று கிழமைகளில் தணிந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவு, சம்பவம் கண்முன் திரும்ப வருவது, அந்த இடத்து வழியே போகாமல் சுற்றிப் போவது, சிறு சத்தத்துக்குத் துள்ளி எழும்புவது ஆகியவை நீடித்தால் வைத்தியரிடம் போக வேண்டும். தினமும் குடிக்கத் தொடங்கினாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற மாதிரிப் பேசினாலோ ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே. “சாகிற யோசனை வருதா?” என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு நீங்களே அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

உங்கள்மீதோ பிள்ளைகள்மீதோ கை ஓங்கினால் அதைக் களைப்பின் கணக்கில் எழுதாதீர்கள். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்; பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

மோசமான சம்பவம் முடிந்ததும் எல்லோரையும் வட்டமாக இருத்தி, ஒவ்வொருவராகக் கண்டதையும் உணர்ந்ததையும் சொல்ல வைக்கிறோம். ஒரு பயிற்சியில் அப்படிச் சொல்லித்தந்தார்கள். சிலர் அதற்குப் பிறகு இன்னும் குழம்பிப் போகிறார்கள்.
— தொண்டர் குழு இணைப்பாளர், ஈச்சிலம்பற்று

நீங்கள் கவனித்தது சரியானது. 1983இல் ஜெஃப்ரி மிட்செல் தீயணைப்பாளருக்கும் அம்புலன்ஸ் ஊழியருக்குமாக வகுத்த முறையிலிருந்து வந்த வழக்கம் அது. நல்ல நோக்கத்தோடு உலகெங்கும் பரவியது. ஆனால் ஒரே அமர்வில் நடத்தப்படும் இத்தகைய கலந்துரையாடல் பிற்கால மனவடுவைத் தடுப்பதாகத் தெரியவில்லை என்று 2002இல், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு சொன்னது. சிலருக்குக் கெடுதலும் செய்யலாம். காரணத்தை ஊகிப்பது கடினமில்லை: தான் காணாத காட்சியையும் மற்றவர் வாயால் கேட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறார், பேச ஆயத்தமில்லாதவர் பேச வைக்கப்படுகிறார்.

கூடுவதை நிறுத்த வேண்டாம், பேசும் விஷயத்தை மாற்றுங்கள். முதல் 15 நிமிடம் வேலையைப் பற்றி மட்டும்: என்ன நடந்தது, எது சரியாக நடந்தது, கருவியில் என்ன குறை, அடுத்த தடவை என்ன மாற்றம். “எப்படி உணர்ந்தீர்கள்” என்ற கேள்வி அங்கே வேண்டாம். தண்ணீர், சாப்பாடு, உலர்ந்த உடுப்பு, வீட்டுக்குப் போக வண்டி. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் சொல்வதும் இவ்வளவு எளிமையானதுதான்: பார், கேள், இணைத்துவிடு. பேச விரும்புகிறவர் பேச ஓர் ஆள் இருக்க வேண்டும், விரும்பாதவரைத் தோண்டக் கூடாது.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. பெயர்ப் பட்டியலை வைத்து மூன்றாம் நாள், இரண்டு கிழமையில், ஒரு மாதத்தில் ஒவ்வொருவருக்கும் அழைப்பு எடுங்கள். “நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, வேலைக்கு வர மனம் வருதா?” மூன்று கேள்வி போதும். பெரும்பாலான குழுக்கள் முதல் நாள் இரவில் உருகிவிட்டு, ஒரு மாதம் கழித்து எவரையும் விசாரிப்பதில்லை. நோய் வெளியே தெரிவது அப்போதுதான்.

பயிற்சியில் அதிகாரி காதுக்குப் பக்கத்தில் நின்று கத்துகிறார். “வெளியில இதைவிட மோசமா இருக்கும், பழகு” என்கிறார். இதனால் பதற்றம் குறையுமா?
— பயிலுநர், உப்புவெளி

அழுத்தத்துக்குப் பழக்குவது நல்ல முறை, ஆனால் ஒழுங்கு முக்கியம். டொனால்ட் மைக்கன்பௌம் வகுத்த பயிற்சி மூன்று கட்டம்: பதற்றம் உடம்பில் என்ன செய்கிறது என்று சொல்லிக்கொடுப்பது, மூச்சு, சுயபேச்சு போன்ற கையாளும் வழிகளைப் பழக்குவது, அதற்குப் பிறகே அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுவது. உங்கள் அதிகாரி மூன்றாவதிலிருந்து தொடங்குகிறார். கை வேலை இன்னும் படியாத ஆளைப் பார்த்துக் கத்தினால், வேலையும் பயமும் ஒன்றாகப் பதிந்துவிடும்.

முதலில் அமைதியில் பிழையில்லாமல் செய்யும் வரை பழகுங்கள். பிறகு சைரன் ஒலிப்பதிவு, பிறகு இருட்டு, பிறகு உறவினராக நடிக்கும் ஒருவர், பிறகு கச்சான் காற்றடிக்கும் நடுமத்தியான வெயிலில் முழு உடையோடு. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். பிழை கூடினால் ஒரு படி இறங்குங்கள். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை: உடம்பில் நீர் குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும், எரிச்சல் வரும். மே முதல் ஓகஸ்ட் வரை பதற்றம் என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு தண்ணீரால் தீரும்.

இரவு வேலை முடிந்து வந்தால் நித்திரை வருவதில்லை. ஒரு டிராம் சாராயம் எடுத்தால் வருகிறது. பார்மசியில் நித்திரைக் குளிசையும் கேட்டுப் பார்த்தேன்.
— வாசகர், சீனக்குடா

சாராயம் தூங்க வைக்கும், ஆனால் பின்பாதித் தூக்கத்தை உடைக்கும். நீங்கள் களைப்போடுதான் எழும்புவீர்கள். டயசிபாம் போன்ற குளிசைகளை மோசமான சம்பவத்துக்குப் பின் முதல் மாதத்தில் கொடுக்க வேண்டாம் என்பது 2013இல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டையும் சேர்த்து எடுத்தால் மூச்சு நிற்கலாம்.

கோப்பி, தேத்தண்ணியைப் படுக்கும் நேரத்துக்கு 6 மணித்தியாலம் முன்னர் நிறுத்துங்கள். இரவு வேலையின் நடுவில் முடிந்தால் 20 நிமிடம் கண்ணயருங்கள். எழும்பியதும் கால் மணித்தியாலம் மூளை மந்தமாக இருக்கும், அந்த நேரத்தில் மருந்துக் கணக்கை மற்றவர் பார்க்கட்டும். 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே வேலை முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் தூரம் ஓடாதீர்கள்.

மனநலக் கிளினிக்குக்குப் போனால் “பைத்தியம்” என்ற பெயர் வரும், வேலையும் போகும் என்று பயப்படுகிறேன். போனால் என்னதான் செய்வார்கள்?
— பெயர் வேண்டாம், திருகோணமலை

உங்கள் பயத்தைச் சிறிதென்று சொல்லமாட்டோம், சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆனால் சிகிச்சை இல்லாமல் இழுபட்டு, ஒரு பிழை நடந்து, அதனால் வேலை போவதுதான் கூடிய ஆபத்து.

முதல் நாள் பெரும்பாலும் பேச்சுத்தான். எப்போது தொடங்கியது, நித்திரை, சாப்பாடு, குடி, குடும்பம் பற்றிக் கேட்பார்கள். தைரொயிட் சுரப்பு கூடினாலும் படபடப்பும் நடுக்கமும் வரும் என்பதால் இரத்தப் பரிசோதனை எழுதலாம். மனவடுவுக்கு ஆகச் சிறந்த சிகிச்சை, அந்தச் சம்பவத்தை மையமாக வைத்த உரையாடல் சிகிச்சை. கிழமைக்கு ஒன்றாக 8 முதல் 12 அமர்வு வரை போகும். சேர்ட்ரலின் போன்ற மருந்து தந்தால் பலன் தெரிய 2 முதல் 6 கிழமை எடுக்கும். முதல் கிழமையில் குமட்டலும், சிலருக்குப் பதற்றம் சற்றுக் கூடுவதும் உண்டு. அந்த நேரத்தில்தான் பலர் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே தெரிந்த முகம் பார்க்கக் கூச்சமென்றால் முதலில் 1926க்கு அழையுங்கள், அல்லது வேறு மாவட்டத்து வைத்தியசாலைக்குப் போங்கள். போகும்போது இரண்டு கிழமைக் குறிப்பொன்று கொண்டுபோனால் நேரம் மிச்சமாகும்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு விழித்தீர்கள், படபடப்பு எப்போது வந்தது, எத்தனை நிமிடம் நின்றது, அன்றைக்கு எந்த ஷிப்ட்.